டெல்லியில் பிறந்து டொராண்டோவின் 'சூப்பர் ஃபேன்' ஆனவர்: சாம்பியன் மோதிரம் பெற்ற ரசிகர் நவ் பாட்டியாவின் கதை

மகர்பட்டா (புனே): 2019ஆம் ஆண்டு ஜூன் 14, வெள்ளிக்கிழமை. புனே நகரின் ஹடப்சர் பகுதியை ஒட்டிய மகர்பட்டாவில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் அலுவலகத்திற்குப் புறப்படும் காலை வேளை. அமெரிக்காவின் ஓக்லாண்ட் நகரில் அப்போது முந்தைய நாள் இரவு. என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்து சங்கத்தின் இறுதிச் சுற்றில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை 114-110 என்ற புள்ளிக் கணக்கில் வீழ்த்தி, டொராண்டோ ராப்டர்ஸ் அணி முதன்முறையாகச் சாம்பியன் பட்டத்தை வென்றது.

அந்த வெற்றிக்காக 24 ஆண்டுகள் காத்திருந்தவர்களுள் ஒருவர், டெல்லியில் பிறந்த சீக்கியரான நவ் பாட்டியா. அவர் ஆட்டக்காரர் அல்லர். பயிற்சியாளரோ அணியின் உரிமையாளரோ அல்லர். நுழைவுச்சீட்டு வாங்கி ஆட்டம் பார்க்க வந்த ரசிகர். எனினும், நான்கு மாதங்களுக்குப் பின்னர், ஆட்டக்காரர்களுக்கு வழங்கப்படும் சாம்பியன்ஷிப் மோதிரம் அவரது விரலையும் அலங்கரித்தது.

ஒரு ரசிகர் இந்த நிலையை எவ்வாறு எட்டினார்? ஒரு விளையாட்டு அணியின் மீதான பற்று, புலம்பெயர்ந்த ஒருவரின் வாழ்க்கையில் என்ன மாற்றத்தை ஏற்படுத்த முடியும்? விரிவாகக் காண்போம்.

யார் இந்த நவ் பாட்டியா?

இயந்திரப் பொறியியல் பயின்ற பாட்டியா, 1984ஆம் ஆண்டு தன் மனைவியுடன் கனடாவில் குடியேறினார். பிரதமர் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, டெல்லி உள்ளிட்ட இடங்களில் சீக்கியர்களுக்கு எதிராகப் பெரும் வன்முறை வெடித்த ஆண்டு அது.

கனடாவில் அவரது பொறியியல் பட்டத்திற்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. தலைப்பாகையும் தாடியும் அணிந்த தோற்றமும், இந்திய உச்சரிப்பில் பேசிய ஆங்கிலமும் தனக்குத் தடைகளாக இருந்ததாக அவர் பல நேர்காணல்களில் தெரிவித்துள்ளார். கிடைத்த சிறு வேலைகளைச் செய்து வந்த அவர், இறுதியில் ஹூண்டாய் கார் விற்பனையகம் ஒன்றில் விற்பனையாளராகச் சேர்ந்தார்.

அங்கும் அவரை ஏளனமாகப் பார்த்தவர்கள் இருந்தனர். ஆனால், பணியில் சேர்ந்த முதல் மூன்று மாதங்களில் 127 கார்களை அவர் விற்றார். மற்றவர்களைவிட இரு மடங்கு உழைத்தால் மட்டுமே தனக்கு இடம் கிடைக்கும் என்று கருதியதே அதற்குக் காரணம் என அவர் கூறியுள்ளார். காலப்போக்கில் மேலாளராக உயர்ந்த அவர், பின்னர் அதே நிறுவனத்தின் கார் விற்பனையகங்களுக்கு உரிமையாளரானார்.

1995: புதிய அணி, புதிய ரசிகர்

கூடைப்பந்துக்கும் கனடாவுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இந்த விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். என்.பி.ஏ. தனது முதல் ஆட்டமாகக் கணக்கில் கொள்வதும் டொராண்டோவில் நடைபெற்ற ஆட்டத்தையே. 1946ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று நியூயார்க் நிக்ஸ் அணியும் டொராண்டோ ஹஸ்கீஸ் அணியும் அதில் மோதின. ஆனால், ஒரே பருவத்துடன் ஹஸ்கீஸ் அணி கலைக்கப்பட்டது. கனடியர்களின் மனத்தில் பனி வளைகோல் பந்தாட்டமே முதலிடம் வகித்தது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1995ஆம் ஆண்டு கனடாவுக்கு இரு என்.பி.ஏ. அணிகள் கிடைத்தன. ஒன்று டொராண்டோ ராப்டர்ஸ். மற்றொன்று வான்கூவர் கிரிஸ்லீஸ். அவ்வாண்டு நவம்பர் 3 அன்று ராப்டர்ஸ் அணி தனது முதல் ஆட்டத்தில் நியூ ஜெர்சி நெட்ஸ் அணியைத் தோற்கடித்தது. அன்றைய பார்வையாளர்களுள் ஒருவராகப் பாட்டியாவும் இருந்தார்.

அந்த முதல் பருவத்தில் ராப்டர்ஸ் அணி ஆடிய 82 ஆட்டங்களில் 21ஐ மட்டுமே வென்றது. மைக்கேல் ஜோர்டன் இடம்பெற்றிருந்த சிகாகோ புல்ஸ் அணி அப்பருவத்தில் வெறும் பத்து ஆட்டங்களிலேயே தோற்றது. அந்தப் பத்தில் ஒன்று ராப்டர்ஸ் அணியிடம் என்பது டொராண்டோ ரசிகர்களுக்குப் பெரும் ஆறுதலாக அமைந்தது. மூன்றாம் பருவத்தில் நிலைமை மேலும் மோசமாகி, 16 வெற்றிகளுடன் அணி பின்தங்கியது.

வான்கூவர் அணியோ 2001ஆம் ஆண்டு கனடாவை விட்டே வெளியேறி, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. வெற்றி பெறாத அணி, அரங்கம் நிரம்பாத நிலையில், ஊரை விட்டே போய்விடக்கூடும் என்பதற்கு அதுவே சான்று. அந்தக் காலகட்டத்தில் டொராண்டோ அரங்கின் இருக்கையில் தவறாமல் அமர்ந்த ஒவ்வொரு ரசிகருக்கும் மதிப்பு இருந்தது.

பட்டம் கிடைத்தது எப்படி?

என்.பி.ஏ. பருவம் ஒன்றில் ஒவ்வோர் அணியும் தன் சொந்த அரங்கில் 41 ஆட்டங்களை ஆடும். அவற்றுள் ஒன்றைக்கூட பாட்டியா தவறவிடவில்லை. தரையோர இருக்கையில் அமர்ந்து, எதிரணியினர் 'ஃப்ரீ த்ரோ' வீசும்போது துண்டை வீசி ஆர்ப்பரித்து அவர்களின் கவனத்தைச் சிதறடிப்பது அவரது வழக்கம். விதிமீறலுக்கு ஆளான ஆட்டக்காரருக்கு, எவரும் தடுக்காத நிலையில் கூடையை நோக்கிப் பந்தை எறிய அளிக்கப்படும் வாய்ப்பே ஃப்ரீ த்ரோ. அந்த வேளையில் எதிர்ப்பு என்பது பார்வையாளர்களிடமிருந்து மட்டுமே வரக்கூடும்.

அணியின் தொடக்க ஆண்டுகளில் அதன் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர், முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் ஐசையா தாமஸ். பாட்டியாவின் ஈடுபாட்டைக் கவனித்த அவரே, 'சூப்பர் ஃபேன்' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கினார். அதுமுதல் முதுகில் அந்தப் பெயரும், அணி தோன்றிய ஆண்டைக் குறிக்கும் 95 என்ற எண்ணும் பொறித்த சட்டையே அவரது அடையாளமானது.

தொடர்ச்சி அறுந்தது 2021 டிசம்பரில்தான். கொரோனா தொற்றுக்கு ஆளான ஒருவருடன் தொடர்பில் இருந்ததால், முன்னெச்சரிக்கையாகத் தனிமைப்படுத்திக்கொண்ட அவர், டொராண்டோவில் நடைபெற்ற ஆட்டத்தை 26 ஆண்டுகளில் முதன்முறையாகத் தவறவிட்டார். அதற்குள் அவர் கண்ட உள்ளூர் ஆட்டங்கள் ஏறத்தாழ ஆயிரம். ஆட்டத்திற்கு இரண்டரை மணி நேரம் என்று கணக்கிட்டால், வாழ்நாளில் நூறு நாட்களுக்கும் மேல் இரவு பகலாக அரங்கத்தில் கழிந்ததற்கு அது சமம்.

'டாக்ஸி ஓட்டுநர்' சம்பவம் ஏற்படுத்திய திருப்பம்

பாட்டியாவின் ரசனை பொதுப்பணியாக மாறியதற்கு ஒரு சிறிய நிகழ்வே காரணம். ஒருமுறை கைப்பேசிக் கடைக்குச் சென்ற அவரைப் பார்த்தவுடன், டாக்ஸி ஓட்டுநர் வந்துவிட்டார் என்று அங்கிருந்த ஒருவர் நினைத்துவிட்டதாக அவர் நினைவுகூர்ந்துள்ளார். டாக்ஸி ஓட்டுவது இழிவான தொழில் அன்று. ஆனால், தலைப்பாகை அணிந்தவர் என்றாலே அவர் இன்ன வேலைதான் செய்வார் என்று முடிவுகட்டும் பார்வை அவரை உறுத்தியது.

அந்தப் பார்வையை விவாதத்தால் மாற்ற முடியாது. ஒருவரையொருவர் அருகில் அமரச் செய்தால் மாற்றலாம் என்று அவர் கருதினார். அதன்படி, ஆயிரக்கணக்கான நுழைவுச்சீட்டுகளை வாங்கி, வெவ்வேறு சமயங்களையும் இனங்களையும் சேர்ந்த சிறுவர் சிறுமியரை ராப்டர்ஸ் ஆட்டங்களுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினார். சீக்கியர்களின் வைசாகித் திருநாளை அரங்கில் கொண்டாடும் நிகழ்வும் இவ்வாறே உருவானது. ஒரே அணிக்காகக் கைதட்டும் இரண்டரை மணி நேரத்தில், பக்கத்து இருக்கைக்காரரின் பெயரும் நிறமும் பின்னுக்குச் செல்கின்றன என்பது அவரது நம்பிக்கை.

டொராண்டோவில் இந்த முயற்சிக்குத் தனிப் பொருள் உண்டு. அந்நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். தெற்காசியாவுக்கு வெளியே தமிழர்கள் பெருமளவில் வாழும் நகரங்களுள் டொராண்டோவும் ஒன்று. இலங்கைப் போரின் காரணமாகப் புலம்பெயர்ந்த பல குடும்பங்கள் அதன் ஸ்கார்பரோ பகுதியில் வேரூன்றியுள்ளன. பனி வளைகோல் பந்தாட்டத்தை ஆடிப் பழக விலையுயர்ந்த உபகரணங்களும் பனித்தளமும் தேவை. கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் தெருமுனையில் ஒரு வளையமும் போதும். குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு எளிதில் எட்டியதில் வியப்பில்லை.

இகழ்ச்சிக்கு அளித்த விடை

புகழ் உயர்ந்த பின்னரும் இகழ்ச்சி ஓயவில்லை. 2019ஆம் ஆண்டு மே மாதம் மில்வாக்கி பக்ஸ் அணிக்கு எதிரான கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின்போது, அந்த அணியின் ரசிகர் ஒருவர் பாட்டியாவின் தலைப்பாகையைக் கேலி செய்து சமூக வலைதளத்தில் பதிவிட்டார். கடும் கண்டனங்கள் எழுந்ததைத் தொடர்ந்து அவர் மன்னிப்பு கோரினார்.

பாட்டியா அவரை மன்னித்ததோடு, தன்னுடன் விருந்துண்ணவும் ஆட்டம் காணவும் அழைப்பு விடுத்தார். பதிவிட்டவரை அவமானப்படுத்தும் வாய்ப்பு கையில் இருந்தும், அவர் அதைப் பயன்படுத்தவில்லை. அழைப்பு விடுத்த இந்த முறை, சிறுவர்களை அரங்கிற்கு அழைத்துச் சென்ற அதே எண்ணத்தின் நீட்சி எனலாம்.

தரையோர இருக்கையின் பொறுப்பு

மற்ற விளையாட்டுகளில் பார்வையாளருக்கும் களத்திற்கும் இடையே வேலியோ இடைவெளியோ இருக்கும். கூடைப்பந்தில் முதல் வரிசை ரசிகரின் காலடியிலேயே களத்தின் கோடு தொடங்கிவிடும். எனவே, ரசிகரின் ஒரு சொல்லோ செயலோ ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடும்.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, நியூயார்க் நிக்ஸ் அணியின் தீவிர ரசிகரான திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீ. 1994ஆம் ஆண்டு இண்டியானா பேசர்ஸ் அணியின் ரெஜி மில்லருடன் அவர் களத்தோரத்திலிருந்து வாய்ச்சண்டையில் ஈடுபட்டார். அதனால் வெகுண்ட மில்லர், கடைசிக் கால் பகுதியில் மட்டும் 25 புள்ளிகளைக் குவித்து, நிக்ஸ் அணியை அதன் சொந்த அரங்கிலேயே தோற்கடித்தார். தோல்விக்கான பழி ரசிகர் மீதும் விழுந்தது.

2019 இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்திலோ எல்லை மீறப்பட்டது. பந்தைத் துரத்திச் சென்று இருக்கைகளின் மீது விழுந்த ராப்டர்ஸ் ஆட்டக்காரர் கைல் லௌரியை, முதல் வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் கையால் தள்ளினார். அவர் வாரியர்ஸ் அணியின் பங்குதாரர்களுள் ஒருவர் என்பது பின்னர் தெரியவந்தது. அவருக்கு 5 லட்சம் டாலர் அபராதமும் ஓராண்டு தடையும் விதிக்கப்பட்டன. உரத்த குரலில் ஆர்ப்பரித்தாலும் இழிசொல் பேசாதவர் என்ற பெயரைப் பாட்டியா ஈட்டியிருப்பதன் அருமை, இத்தகைய நிகழ்வுகளின் பின்னணியில் விளங்கும்.

மோதிரமும் அருங்காட்சியகமும்

2019ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று டொராண்டோ வீதிகளில் நடைபெற்ற வெற்றி ஊர்வலத்தில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். ஆட்டக்காரர்களுடன் அந்த ஊர்வலத்தில் பாட்டியாவும் இடம்பெற்றார். அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று, புதிய பருவத்தின் தொடக்க ஆட்டத்திற்கு முன்னர், நூற்றுக்கணக்கான வைரங்கள் பதித்த சாம்பியன்ஷிப் மோதிரங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பாட்டியாவுக்கு அளிக்கப்பட்டது. என்.பி.ஏ. வரலாற்றில் அணியிடமிருந்து இத்தகைய மோதிரத்தைப் பெற்ற முதல் ரசிகர் அவரே எனக் கூறப்படுகிறது.

2021ஆம் ஆண்டு மற்றொரு சிறப்பும் அவரைத் தேடி வந்தது. கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நெய்ஸ்மித் பெயரில் அமைந்துள்ள புகழ் மண்டபத்தில், ரசிகர்களுக்கான பகுதியில் அவர் கௌரவிக்கப்பட்டார். வேலை தேடிய நாட்களில் எந்தத் தலைப்பாகை தடையாகக் கருதப்பட்டதோ, அதே தலைப்பாகை அங்குக் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டது.

2018ஆம் ஆண்டு அவர் தொடங்கிய அறக்கட்டளை, சிறுவர்களுக்குக் கூடைப்பந்து களங்கள் அமைப்பது, பயிற்சி முகாம்கள் நடத்துவது உள்ளிட்ட பணிகளில் ஈடுபட்டு வருகிறது. இந்தியாவில் மாணவியர் பயிலும் பள்ளிகளில் கழிப்பறைகள் கட்டும் பணிக்கும் அவர் உதவியுள்ளார்.

பணம் இருந்தால் மட்டுமே தீவிர ரசிகரா?

இந்தக் கதையில் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. தரையோர இருக்கை சாமானியர்களால் எட்ட முடியாத விலை கொண்டது. பாட்டியா கார் விற்பனையில் வெற்றி பெற்றிராவிட்டால், அவரது பற்று எவ்வளவு ஆழமாக இருந்தபோதிலும் கேமராவின் கண்ணில் பட்டிருக்காது. அவரது புகழ் அணிக்கும் விளம்பரமாக அமைந்தது என்பதும் உண்மை.

அரங்கினுள் நுழைய வசதியற்றோர் டொராண்டோவிலும் உண்டு. அரங்கிற்கு வெளியே உள்ள சதுக்கத்தில் பெரிய திரையின் முன் மழையிலும் குளிரிலும் நின்றபடி அவர்கள் ஆட்டம் பார்ப்பது வழக்கம். 'ஜுராசிக் பார்க்' என்று ரசிகர்கள் பெயரிட்ட அந்த இடம், 2019இல் உலகெங்கும் அறியப்பட்டது.

நம் பகுதியின் தீவிர ரசிகர்கள் பலரும் பணபலம் இல்லாதவர்களே. உடல் முழுவதும் மூவர்ண வண்ணம் பூசி, சங்கு ஊதி, சச்சின் டெண்டுல்கருக்காக ஊர் ஊராகச் சென்ற சுதிர் குமார், பீகாரின் முசாஃபர்பூரைச் சேர்ந்தவர். சொந்த வசதியை நம்பி அல்ல, பிறர் உதவியுடனேயே அவர் பெரும்பாலும் பயணம் செய்தார். 2011 உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது, சச்சினே அவரை அழைத்துக் கோப்பையை ஏந்தச் செய்தார். இலங்கையிலோ, தேசியக் கொடியுடன் பல பத்தாண்டுகள் மைதானங்களை வலம் வந்த 'அங்கிள் பர்சி' எனப்படும் பர்சி அபேசேகர, 2023இல் மறையும் வரை ஆட்டக்காரர்களின் அன்புக்குரியவராக விளங்கினார்.

இவர்களைப் பாட்டியாவுடன் இணைப்பது செல்வம் அல்ல. அணி தோற்கும் நாளிலும் வந்து நிற்கும் உறுதி. பாட்டியாவின் கதையில் கூடுதலாக இருப்பது, தான் பெற்ற இருக்கையைப் பிறருக்கும் பகிர வேண்டும் என்ற எண்ணம்.

இந்தியாவில் கூடைப்பந்து ரசிகர்கள்

டொராண்டோவில் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் இந்திய நேரப்படி மறுநாள் காலை 6 மணிக்கும், கோடைகாலத்தில் காலை 5 மணிக்கும் தொடங்கும். மகர்பட்டா போன்ற இடங்களில் வாழும் ரசிகருக்கு, விருப்பமான அணியைப் பின்தொடர்வது என்பது உறக்கத்தைத் துறப்பதாகும். அமெரிக்க நேரத்திற்கேற்ப இரவுப் பணி புரிவோருக்கோ, பணி முடிந்து வீடு திரும்பும் வேளையில் ஆட்டம் நிறைவை நெருங்கும்.

இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முதல் என்.பி.ஏ. ஆட்டக்காரரும் டொராண்டோவில் பிறந்தவரே. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காகக் களமிறங்கிய சிம் புல்லர், பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். அதே ஆண்டு, பஞ்சாபைச் சேர்ந்த சத்னம் சிங்கை டல்லாஸ் மேவரிக்ஸ் அணி தேர்வு செய்தது.

பாட்டியா மோதிரம் பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, 2019 அக்டோபர் 4, 5 ஆகிய தேதிகளில், புனேயிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மும்பையில் சாக்ரமெண்டோ கிங்ஸ், இண்டியானா பேசர்ஸ் அணிகள் மோதின. இந்திய மண்ணில் என்.பி.ஏ. அணிகள் ஆடியது அதுவே முதன்முறை. முதல் நாள் ஆட்டத்தைக் காண, கூடைப்பந்து பயிலும் சுமார் 3,000 பள்ளி மாணவ மாணவியர் அழைத்து வரப்பட்டு, அரங்கின் இருக்கைகளில் அமர்த்தப்பட்டனர். டொராண்டோவில் பாட்டியா பல ஆண்டுகளாகச் செய்து வந்ததும் இதைத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.